ரிவெட் பாஷை

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அப்பா பெங்களூரில் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்குத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர். அவர் வெளியே நின்று அடிக்க, கூட்டாளி இறக்கைக்குள் ஒடுங்கி, எதிர்ப்பக்கம் இரும்புக்கட்டையை அழுத்திப் பிடிப்பாராம். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் இன்னும் அடிக்க வேண்டும். இரண்டு வந்தால் போதும்.

எழுபதுகளிலும் தூத்துக்குடி வீட்டில் அம்மா குழம்பு ஊற்றும்போது அப்பா மேசையை இரண்டு முறை தட்டுவார். எனக்கே எரிச்சலாக வரும்.

"வாயத் தொறந்து போதும்னு சொன்னா முத்து உதிர்ந்திருமோ?" என்பாள் அம்மா.

டீச்சர் வேலை கிடைத்து நான் மெட்ராஸ் ரயிலேறிய அன்று அவர் வழியனுப்ப வந்தார். பிளாட்பாரத்தில் நின்று, என் ஜன்னலுக்குக் கீழே பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தார். வண்டி நகர்ந்தது. நான் உள்ளிருந்து ஒரே ஒரு முறை தட்டினேன்.

அப்பா வண்டியோடு நடந்துகொண்டே மறுபடியும் அடித்தார்.