ஃபர்ஸ்ட் பேப்பர்ஸ் கேட்டு வந்த செந்தில்

கலைச்செல்வி எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தபோதே முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னால் அவள் கணவன் செந்தில், லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல வந்தான்.

டெக்சஸில், இர்விங் ஊரில், ஓர் இமிக்ரேஷன் வக்கீலிடம் நான் பாராலீகலாக இருந்தேன். ஃபார்ம் நிரப்புவதும் ஆதாரங்களைச் சேர்ப்பதும் என் வேலை. சட்டம் சொல்வது வக்கீல் ஜமாலின் வேலை. காயல்பட்டினத்துக்காரர். "அக்கா, ஃபார்ம மட்டும் பாருங்க, குடும்பத்துக்குள்ள பூந்துராதீங்க" என்று அடிக்கடி சொல்வார். நானும் தலையாட்டுவேன். வாய் கேட்டால்தானே!

விஷயம் இதுதான். அவர்கள் மகள் படிக்கும் ஸ்கூலை மூடப் பேச்சு நடக்கிறது. முந்தின நாள் ஸ்கூல் போர்டு மீட்டிங்கில் கலை மைக்கைப் பிடித்து வாதாடியிருக்கிறாள். வெளியே வந்தபோது போர்டு மெம்பர் ஒருவர், "உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். ஒன்றுகூட இல்லை. க்ரீன் கார்டு வந்து ஐந்து வருஷம் தாண்டியும் இருவரும் சிட்டிசன்ஷிப்புக்குப் போடவில்லை.

"மே மாசம் ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன் ஆன்ட்டி. அதுக்குள்ள எனக்கு ஓட்டு வேணும். அந்தாளு சிரிச்சது கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றாள்.

"போட்டுடலாம்மா. N-400 ஃபார்ம்தானே" என்றேன்.

"இருங்க ஆன்ட்டி," என்றான் செந்தில். ராசிபுரத்துப் பையன், சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், பழைய அமெரிக்கச் சரித்திரம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "நேரா N-400 வேண்டாங்க. நான் மொதல்ல ஃபர்ஸ்ட் பேப்பர்ஸ் போட்டுக்கறனுங்க."

இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இங்கே வந்தவர்கள், 'சிட்டிசன் ஆக எனக்கு உத்தேசம் உண்டு' என்று முதலில் ஒரு டிக்ளரேஷன் கொடுப்பார்கள். அதற்குப் பேர்தான் ஃபர்ஸ்ட் பேப்பர்ஸ். சில வருஷம் கழித்துக் கொடுக்கும் மனுவுக்குச் செகண்ட் பேப்பர்ஸ் என்று பேர். நிச்சயதார்த்தம் ஒரு நாள், கல்யாணம் இன்னொரு நாள் என்கிற மாதிரி.

"நடுவுல யோசிக்க டைம் குடுத்தாங்க பாருங்க! அதான் மரியாத. இந்திய பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு கைய தூக்கிச் சத்தியப்பிரமாணம் எடுக்க எனக்கு இன்னும் மனசு வரலீங்க." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "டெக்சஸ்ல ஃபர்ஸ்ட் பேப்பர்ஸ் போட்டவன் ஓட்டே போட்டிருக்கான், தெரியுமா கலை?"

கலையின் கண் பளிச்சென்றது. ஜமால் உள்ளறையிலிருந்து ஓடியே வந்தார். "அதெல்லாம் போயி நூறு வருசமாச்சு தம்பி! இப்ப சிட்டிசன் ஆகாம ஓட்டுப் போட்டா நேரா ஊருக்கு அனுப்பிருவான்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆனா அந்த டிக்ளரேஷன் இன்னும் இருக்கு தம்பி. N-300னு பேரு. சிட்டிசன் ஆக அது தேவையே இல்ல. ஆசைப்பட்டா போடலாம்" என்றேன்.

செந்திலுக்கு வாயெல்லாம் பல். ஜமால் என்னை முறைத்தார். தன் சர்வீசில் அந்த ஃபார்மை அவர் தொட்டதே கிடையாது. நான் நிறுத்தவில்லை.

"இன்னொரு பழைய சங்கதியும் உண்டு. அப்பல்லாம் புருஷன் சிட்டிசன் ஆனா பெண்டாட்டியும் ஆயிடுவா, தனியா ஒண்ணும் போட வேண்டாம். இப்ப அப்படி இல்ல. அவங்கவங்க பேப்பர் அவங்கவங்களுக்கு."

கலை நிமிர்ந்தாள். "அப்படின்னா இவரு போடாம நான் போடலாமா ஆன்ட்டி?"

"தாராளமா."

"அடக் கடவுளே! நான் வந்த H-4, இவரு பெண்டாட்டின்னு குடுத்த விசா. க்ரீன் கார்டும் இவரு வேலைல வந்துது. இதுக்கும் இவரு முன்னால போகோணும், நான் பின்னால வரோணும்னுல்ல இத்தன நாளு உக்காந்திருந்தேன்!"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க" என்றான் செந்தில், மெல்லிய குரலில்.

அவள் காதில் அது விழவில்லை. "பேனா குடுங்க ஆன்ட்டி."

அன்றைக்கே அவளுக்கு N-400, அவனுக்கு N-300. சில மாதத்தில் அவளுக்கு இன்டர்வியூ முடிந்தது. அவள் சத்தியப்பிரமாணம் எடுத்தபோது செந்தில் விருந்தாளிகள் வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தான். அவனுடைய டிக்ளரேஷனும் வந்து சேர்ந்தது. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டான். மே மாதம் கலை ஓட்டுப் போட்டாள். சிரித்த மெம்பர் தோற்றார், ஸ்கூல் தப்பியது. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜோடியாக வருகிறவர்களில் நன்றாகப் பேசுகிறவரின் பதிலை வைத்து இருவருக்கும் ஃபைல் திறக்காதீர்கள். மற்றவரிடமும், அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று தனியாகக் கேளுங்கள்.

நவம்பர் எலெக்‌ஷனுக்குக் கொஞ்ச நாள் முன்பு செந்தில் தனியாக வந்து நின்றான்.

"ஆன்ட்டி, N-400 போட்றலாங்க."

"மனசு வந்துடுச்சா தம்பி?"

"முழுசா வரலதானுங்க. நேத்து ஒருத்தன் ஓட்டுக் கேட்டு வந்தான். நான்தான் கதவத் தொறந்தேன். ஓட்டர் லிஸ்ட்டப் பாத்துட்டு, கலை இருக்காங்களான்னான். கடைக்குப் போயிருக்கா, எங்கிட்ட சொல்லுங்கன்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'பரவாயில்ல, வீட்ல ஆள் இருக்கறப்ப வர்றேன்'னு போயிட்டானுங்க ஆன்ட்டி!"