வலப்பக்கம் கேட்ட இரைச்சல்

போன வாரம் சாத்தூரில் டீ குடிக்க நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் பட்டறை. கழற்றிய சக்கரத்திலிருந்து பழைய கிரீஸை யாரோ வழித்துக்கொண்டிருந்தார்கள். சில பேருக்கு மல்லிகைப்பூ வாசத்தில் கல்யாணமான புதுசு நினைவுக்கு வரும். எனக்குக் கருகின கிரீஸ் வாடையில்தான் வருகிறது. என்ன செய்ய, ஆளுக்கு ஒரு வாசம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். தயாரான சரக்கில் சாம்பிள் எடுத்து, பின்னாலிருந்த பொட்டலில் வெடித்துப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் தீபாவளிக்கு மட்டும் செய்வதை நான் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்று மாமனார் வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். அவர்களும் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பலர் ஓட்டி விட்ட ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி ராணியும் வெம்பக்கோட்டை அணைக்கட்டுக்குப் போய்த் திரும்பும்போது அந்த இரைச்சல் ஆரம்பித்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் 'ஊம்' என்று கிளம்பியது. வேகம் கூடக் கூட மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல ஆனது. நியூட்ரலில் உருட்டிப் பார்த்தேன். அப்போதும் நிற்கவில்லை. எஞ்சின் இல்லை, சக்கரம்தான்.

விருதுநகரில் காஜா பாயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பாய்க்கும் என் வயசுதான்.

"எந்தப் பக்கம் கேக்குது அண்ணாச்சி?"

"வலது முன் சக்கரம் பாய். சந்தேகமே இல்ல."

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருவமா?"

"தெனம் ஓட்டுறவன் சொல்றேன்ல."

பட்டறையில் அன்று கூட்டம். என் பேச்சை நம்பி வலது பக்கத்துப் பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். அடுத்த வாரம் இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் அதே 'ஊம்'. சாமி கும்பிட்ட கையோடு விருதுநகருக்கு வண்டியை விட்டேன்.

பாய் முகம் சுருங்கிப்போனது. "இந்தத் தடவ நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

ராணி பின்னால் ஏறிக்கொண்டாள். சாத்தூர் ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, வேகத்தைக் குறைக்காமல் வண்டியை வலமாகவும் இடமாகவும் லேசாக வளைத்தார். வலப்பக்கம் வளைத்தால் இரைச்சல் ஏறியது. இடப்பக்கம் வளைத்தால் அடங்கியது.

"வலது பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்துல போய் உக்காரும். அப்பத்தான் சத்தம் கூடுது, பாருங்க. இடது பேரிங்தான் போயிருக்கு."

"எனக்கும் அங்கன இருந்துதான் கேக்குது" என்றாள் ராணி.

"ரெண்டு பேருக்கும் காது சரியில்ல" என்றேன் நான்.

திரும்பி வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினோம். இடது சக்கரத்தைப் பாய் சுற்றிவிட, நான் உள்ளே கையை விட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். மணலை அரைப்பது போல விரலில் நறநறத்தது. வலது சக்கரத்தைச் சுற்றியபோது அந்த நறநறப்பே இல்லை. கை சொல்வதை மறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு வலப்பக்கம்தானே கேட்டது என்று இழுத்தேன்.

ராணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போன் வந்தா ஒரு நாளாவது இடது காதுல வச்சிருக்கீகளா நீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வைத்ததில்லை.

அவள் கிட்டே வந்து என் வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, பாயைப் பார்த்துத் தலையசைத்தாள். பாயின் உதடுகள் அசைந்தன. ரோட்டில் ஒரு லாரி போனது, ஊமைப்படம் மாதிரி. அவள் கையை எடுத்தாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி?" என்றார் பாய்.

யாரும் சிரிக்கவில்லை.

காது டாக்டர் அதிகம் பேசவில்லை. "இடது காதுல நரம்பு போயிருச்சு, இனிமே வராது. இன்னொன்னயாவது காப்பாத்திக்கிடுங்க" என்றார். இடது கையில் ஊதுபத்தியை நீட்டித் திரியைப் பற்ற வைப்பது என் பழக்கம்; வெடிச் சத்தம் இடது காதுக்குத்தான் நேராக வரும். கம்பெனியில் என்னை லோடு ஏற்றும் பக்கம் மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்தவர் முதல் நாளே இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

பாய் இடது பேரிங்கை மாற்றிக் கொடுத்ததும் இரைச்சல் நின்றது. ராணி கார் ஓட்டப் பழகினாள். அவள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தால், என் நல்ல காது அவள் பக்கம் இருக்கும்.

அந்தக் கார் இப்போது இல்லை. பட்டறையும் சாலை அகலமானபோது போய்விட்டது. அதற்கெல்லாம் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் ராணியிடம் கேட்டேன். நான் ஓட்டிக்கொண்டு போன அந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து என்னவெல்லாம் பேசினாய் என்று.

"மொதல்ல என்னென்னமோ பேசிக்கிட்டு வருவேன். பாதிக்குப் பதிலே வராது. என்னயப் பிடிக்கல போலன்னு நெனச்சு நானும் நிறுத்திட்டேன்" என்றாள்.

அந்த என்னென்னமோ என்னவென்று அவளுக்கும் இப்போது நினைவில்லை.