எட்டு மீற்றர்க் கை

இர்ஷானாவின் குடும்பம் முசலியில் வயல் செய்த குடும்பம். அவள் பிறந்ததோ புத்தளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில். அங்கே ஒரு வாத்தியார், “உனக்குக் கணக்கு ஓடாது” என்று சொன்ன அன்று விம்மி விம்மி அழுதவள், இன்று கணித ஆசிரியை. பிள்ளைகள் கணக்கை எப்படி யோசிக்கிறார்கள், ஊருக்கு ஊர் அந்த யோசனை எப்படி மாறுகிறது என்று அளப்பதே அவளுடைய முதுமாணிப் பட்ட ஆய்வு.

அவளுடைய வினாத்தாளில் விடைக்கு மட்டுமல்ல, யோசித்த வழிக்கும் புள்ளி உண்டு. வயல் ஊரான பாப்பாமோட்டைப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். மன்னார்த் தீவுப் பிள்ளைகள் மூன்றாவது வினாவில் கூட்டமாகச் சறுக்கினார்கள். ஆய்வுக்கு நல்ல வித்தியாசம் கிடைத்ததென்று அவள் மகிழ்ந்துதான் போனாள்.

ஆனால் தீவுப் பாடசாலை அதிபர் கொன்ஸ்ரன்ரைன், அந்தப் புள்ளிகளை வைத்தே விசேட கணித வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்துகொண்டிருந்தார்.

“றொஷேல் வேண்டாம் மிஸ். அவள் எழுதினதைப் பாருங்கோ, வாய்க்கொழுப்பு!”

‘ஒரு கயிற்றின் இரண்டு பாகம் பதினாறு மீற்றர். மூன்று பாகம் எவ்வளவு?’ என்பது வினா. றொஷேல் எழுதியிருந்தாள்: ‘கணக்குப் பிழை. இவ்வளவு நீளக் கை ஒருவருக்கும் இல்லை.’

இர்ஷானா அவளைத் தனியே அழைத்தாள்.

“என்ன மகள் இது, பகிடியா?”

பிள்ளையின் கண்கள் குளமாயின. “இல்லை மிஸ், சத்தியமா! என்ர அப்பா நல்ல உயரம். அவற்ற பாகமே ரெண்டு மீற்றர் வராது. உங்கட கணக்கில ஒராளுக்கு எட்டு மீற்றர்! அவர் மனிசனோ, பேயோ?”

“பாகமெண்டா பங்குதானே?”

“பங்கோ?” அழுகைக்கு நடுவே றொஷேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கைகளையும் சிலுவைபோல விரித்தாள். “இந்த விரலில இருந்து அந்த விரல் மட்டும் ஒரு பாகம். வலைக்கயிறு இப்பிடித்தான் அளக்கிறது. என்ர பாகம் கட்டை. நான் அளந்தா அப்பா ஏசுவார்.”

இர்ஷானா விடைத்தாள் கட்டைப் புரட்டினாள். மற்றப் பிள்ளைகள் ‘ஐந்து மீற்றர்’, ‘ஐந்தரை மீற்றர்’ என்று எழுதியிருந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது: வினாவின் பதினாறை விட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் பாகத்தால் மூன்று பாகத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடலை அறியாத தன் சொல்லால், யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளையே யோசிக்கத் தெரியாதவர்களாக அளந்துவிட்டாளே!

“மிஸ், என்னை வகுப்பில எடுக்கமாட்டினமாம். எனக்குக் கணக்கு வராதாமே?”

புத்தளத்து முகாமில் இர்ஷானா கேட்டு அழுத அதே வார்த்தை. முக்காட்டு நுனியால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, நேரே அதிபரிடம் போனாள்.

“மூன்றாவது வினாவை எடுத்திட்டன் சேர். பிழை என்னிலதான்.”

“அப்ப உங்கட ஆய்வு? அந்த வித்தியாசம்?”

“அது இல்லாமப் போயிட்டு சேர்.” இரண்டு வருட உழைப்பல்லவா! “திரும்ப முதலில இருந்து செய்வன். நீங்க றொஷேலைக் கூப்பிடுங்க.”

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வகுப்புப் பட்டியலை இழுத்து, அதில் றொஷேலின் பெயரை எழுதினார்.

“நீங்களே போய்ச் சொல்லுங்கோ மிஸ்,” என்றார் மெதுவாக. “பிள்ளை வாசலிலதான் நிக்குது.”