ஷவரைத் திறக்கச் சொன்னவர்

மிச்சம் என்ற ஊரில் நான் பொறுப்பாக இருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தண்ணீர் பரிசோதிக்க ஒருமுறை ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். சட்டைப் பையில் பேனைக்குப் பதில் வெப்பமானி வைத்திருந்தார். ஒவ்வொரு குளியலறை வாசலிலும் நின்று, உள்ளே யாரோ இருப்பதுபோல ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் நுழைவார்.

ஆளில்லாத கடைசி அறைக்கு வந்ததும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இந்த ஷவரைக் கிழமைக்கு ஒருக்கால் திறந்து விடுறனீங்களோ?"

"ஓம் அண்ணை," என்றேன். பதிவேட்டில் எல்லா வாரத்துக்கும் சரி போட்டிருந்தேன். திறந்ததுதான் இல்லை.

அவர் தலையாட்டினார். "நிண்ட தண்ணியில ஒரு கிருமி இருக்கும். அமீபா அதைச் சாப்பாடெண்டு விழுங்கும். ஆனா கிருமியார் செமிக்கமாட்டார். உள்ளுக்கை இருந்து பெருகி, வீட்டுக்காரரை வெடிக்க வைச்சிட்டு வெளியில வருவார். ஷவர்த் துமியோட இந்த வயசு ஆக்களின்ர நெஞ்சுக்குள்ள போனாலும் அதே வேலைதான்."

பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"நீங்களே திறவுங்கோ."

குழாயில் கை வைத்தேன். திருப்ப மனம் வரவில்லை.

"அண்ணை, ரெண்டு மாசமாத் திறக்கேல்லை."

"தெரியும். ஷவர் வாயில சிலந்தி வலை. வாசலிலையே கண்டனான்," என்றவர், முகமூடியைப் போட்டுக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தானே உள்ளே போனார்.

நல்ல காலம், கிருமி இல்லை என்று முடிவு வந்தது. வலையைக் கண்டவர் நேராகவே ஏசியிருக்கலாம். எனக்காகத்தான் அவ்வளவு கதையும் சொன்னாரா, தன் சந்தோஷத்துக்காகவா என்று, திங்கட்கிழமைகளில் அந்த ஷவரைத் திறக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.