பொபினி ஏலத்தில் அணைந்த மெழுகுதிரிகள்

ஏலத்தில் கடை வாங்க நினைக்கிறவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், பொபினி நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது, அங்கே என்ன நடக்கும் என்று. நான் போனது 1988 மாசியில், ஒருமுறைதான். எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்வதை மகள் எழுதுகிறாள்.

லா சப்பலில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வராசா அண்ணை, ஒபர்வில்லியேயில் சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாடகை வாய்ப்பேச்சுத்தான், பத்திரம் கிடையாது. கடையறைச் சொந்தக்காரர் வரி கட்டாமல் விட, அது ஏலத்துக்கு வந்தது. வேறு யாராவது வாங்கினால் அண்ணை மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் தானே வாங்கிவிட நினைத்தார்; நான் துணைக்குப் போனேன்.

காலை எட்டரைக்கு லா சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில். இரண்டாவது நிறுத்தமான ஜொரேஸில் இறங்கி, ஐந்தாம் இலக்கத்தில் கடைசி நிறுத்தம் வரை. பிறகு கொஞ்சம் நடை.

அங்கே நாம் கை தூக்கி விலை கேட்க முடியாது. நமக்காக வழக்கறிஞர்தான் கேட்பார். எங்களுடையவர் தமிழும் பிரெஞ்சும் தெரிந்த பாண்டிச்சேரிக்காரர். ஒருவர் விலை சொன்னதும் மேசையில் சின்ன மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஒரு நிமிடம் நின்றால் பெரிது. அது அணைய இன்னொன்று. இரண்டும் அணையும்வரை யாரும் கூட்டிக் கேட்காவிட்டால் சொத்து அவருக்கு.

எண்பதாயிரம் பிராங்கில் தொடங்கி, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் எங்கள் விலை நின்றது. எதிர்த்துக் கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். முதல் திரி அணைந்தது. இரண்டாவதும் சுருங்கி அணையப் போனதும் அண்ணைக்குத் தாங்கவில்லை. கடையில் சாமிவிளக்கு அணையாமலிருக்க நாள் முழுக்க எண்ணெய் விடுகிற ஆள்.

"ஐயா, நூரப் போகுது! கூட்டிச் சொல்லுங்கோ!"

"யாரைவிடக் கூட்டறது? கடைசி விலை உங்களுதுதான் மெஸ்யே. உட்காருங்க!" என்றார் வழக்கறிஞர்.

"விளக்கு நூந்து தொடங்கிற வியாபாரம் உருப்படுமோ?"

அண்ணை எழுந்தே விட்டார். எங்களுக்குள் பிணக்கு என்று எதிராளி நினைத்திருக்க வேண்டும். அவருடைய வழக்கறிஞர் ஐயாயிரம் கூட்டினார். புதுத் திரி ஏற்றினார்கள்.

"பார், எரியுது," என்றார் அண்ணை, முகம் மலர்ந்து.

"அது அவன்ர விளக்கு அண்ணை!"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எங்கள் வழக்கறிஞர் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார். அதற்கு மேல் அண்ணையிடம் ஒரு சதமும் இல்லை. அவர் கண்ணை இறுக்கி மூடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூந்துட்டுதோ?"

"ஒண்டு நூந்துட்டுது."

"மற்றது?"

"எரியுது."

"இன்னுமோ? சனியன்!"

அதுவும் அணைந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வழக்கறிஞரை முன்கூட்டியே பிடியுங்கள். உங்கள் எல்லையை அவரிடம் சொல்லிவிட்டு வாயைத் திறக்காதீர்கள். திரி அணைந்ததும் விருந்து வைக்கவும் வேண்டாம். பத்து நாளுக்குள் யாராவது பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கேட்டால் மறுபடி ஏலம்.

அந்தப் பத்து நாளும் கோட்டுப் போட்டு வந்த வாடிக்கையாளரை எல்லாம் அண்ணை ஒரு மாதிரித்தான் பார்த்தார். பதினோராம் நாள், யாரும் கேட்கவில்லை என்று வழக்கறிஞர் போன் எடுத்துச் சொன்னார். அன்று பின்னேரம் அண்ணை கடைக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தார். கடையை விட்டுத் தன்னை எழுப்பிவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டுமே என்று, அதுவரை பெயரை அட்டையில் எழுதி நூலில் தொங்கவிட்டிருந்தார்.