காளை ஏறிய தண்ணீர்த் தொட்டியும் கம்பெனி கைமாறிய கதையும்

1. காளை உட்கார்ந்தது

எங்கள் கம்பெனியை வாங்கப்போகும் பெங்களூர்க்காரர்கள் பார்வையிட வந்த புதன்கிழமை காலையில், எங்கள் காளை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நிஜக் காளை இல்லை. மதுரை காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், மொபைல் கேம் செய்யும் சின்ன கம்பெனியில் நான் டெஸ்டர். கேமை விளையாடிப் பார்த்து எங்கே தப்பு வருகிறது என்று சொல்வது வேலை. அந்தத் தப்புக்கு பக் என்று பெயர். எங்கள் ஜல்லிக்கட்டு கேமில், வாடிவாசல் திறந்த கையோடு திரையை இரண்டு முறை தட்டினால், காளை ஓடாமல் தொட்டிமேல் ஏறிச் சம்மணம் போட்டது. என் விரல்தான் தவறியதோ என்று மறுபடி தட்டினேன். மறுபடியும் சம்மணம்.

வேறு ஆபீஸில் இதைச் சொன்னால் நன்றி சொல்வார்கள். எங்கள் தலைவர் தனசேகர் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பக்கைக் கண்டுபிடித்தவர், அது சரியாகும்வரை தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவரை லீவும் கிடையாது.

"கண்டுபிடிச்சது நீங்கதானம்மா? அப்ப அது உங்க பக்குதான?" என்பார்.

பிறகு யார் கண்டுபிடிப்பார்கள்? மதுரையில் பக்கே வராது என்று வெளியே எங்களுக்கு நல்ல பெயர்.

எனக்கோ வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். மகள் யாழினிக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி அதற்கென்றே வந்திருந்தான். சனிக்கிழமை அவனுக்கு விமானம். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வீட்டில் காது குத்த மாட்டார்கள். பக்கைச் சொன்னால் லீவு போய்விடும். சொல்லாவிட்டால், வந்தவர்கள் முன்னால் காளை உட்கார்ந்து மொத்த ஆபீஸின் மானமும் போகும்.

2. பாண்டி சொன்ன யோசனை

பக்கத்து சீட் பாண்டியிடம் சொன்னேன். கேமுக்கு புரோகிராம் எழுதுகிறவன்.

"பேசாம இருங்கக்கா. கம்பெனி கைமாறட்டும். பெங்களூர்க்காரன் மொத வேலையா சாரைத்தான் தூக்குவான்."

"தூக்கலைன்னா?"

"அம்புட்டுக் காசு குடுத்து வாங்குறவன் இவரையுமா வச்சுக்கிருவான்?"

"வீடு வாங்குறவங்க கரப்பான்பூச்சியை எண்ணியாடா வாங்குறாங்க?"

பாண்டி யோசித்தான். பிறகு மெதுவாக, "எனக்கும் ஒண்ணு தெரியும்க்கா. மாடுபிடி வீரருக்கு மூணு கால் வருது. நான் மூச்சே விடலை" என்றான்.

3. கேன் பக்கம்

பெங்களூரிலிருந்து வந்த மேடத்துக்குத் தமிழ் நன்றாக வந்தது. ஆனால் எதையும் இரண்டு முறை தட்டும் பழக்கம் அவருக்கு. கதவை இரண்டு முறை, மேஜையை இரண்டு முறை, தனசேகர் சாரின் தோளையும் இரண்டு முறை. கேம் ஓடும் போனை சார் அவர் கையில் கொடுத்தார்.

"மேடம், தட்டாதீங்க. அதுல ஒரு பக் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், என் கால்கள் தாமாகவே தண்ணீர் கேனுக்கு நடந்தன. பழக்கம்.

"ஏன் அங்க போய் நிக்கிறீங்க? தாகமா?" என்றார் மேடம்.

"கால் மரத்துப்போயிருக்கும் மேடம்" என்றார் சார்.

அப்போது பாண்டி எழுந்தான். "வீரருக்கு மூணு கால் வருது மேடம்" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றான். கிராபிக்ஸ் செல்வி, "பரிசு அண்டா பறக்குது மேடம்" என்று வந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். கேமையே திறந்து பார்த்திராத அக்கவுண்டன்ட் அண்ணனும் வந்தார். "நீங்கள்லாம் நிக்கையில நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் வழக்கத்தையும் லீவையும் காதுகுத்தையும் சொன்னேன்.

"லீவா? யாரு இல்லைன்னு சொன்னா?" என்றார் சார். "தாய்மாமன் வந்திருக்காரு, போயிட்டு வாங்கம்மா."

"சாட்சிக்கு இம்புட்டுப் பேரு இருக்கோம்" என்று பாண்டி முணுமுணுத்தான்.

வெள்ளிக்கிழமை தம்பி மடியில் யாழினிக்குக் காது குத்தினோம். அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

4. கைமாறிய பிறகு

கம்பெனி கைமாறியது. தனசேகர் சாரைத் தூக்கினார்கள், மேலே. பெங்களூர்க்காரர்களின் எல்லாக் கிளைகளையும்விட ரிப்போர்ட்டில் பக் குறைவாக இருந்தது மதுரையில்தானாம். அதனால் எல்லாக் கிளை டெஸ்டிங்குக்கும் அவரே தலைவர், பெங்களூரில். "நான் பார்த்ததைச் சொன்னேன். மேல இருக்கிறவங்க ரிப்போர்ட்டைத்தான் பார்த்தாங்க" என்றார் மேடம், போனில். நாங்கள் கேக் வெட்டினோம். யாழினியின் பிறந்தநாளுக்குக்கூட நான் அப்படிக் கைதட்டியதில்லை.

எங்களுக்கு வந்த புதுத் தலைவர் இனிமையாகப் பேசுகிறவர். முதல் வாரமே, "இது யாரோட பக்?" என்று கேட்டார். எல்லோரும் எழுந்து கேனுக்கு நடந்தோம். அவர் பயந்துபோய், "உக்காருங்க, சும்மாதான் கேட்டேன்" என்றார். அதன்பிறகு கேட்கவில்லை.

ஆகவே, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கம்பெனி கைமாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்குச் சரியானது, பாண்டி எழுந்த அந்த நிமிடத்தில்தான்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்கதான மதுரை டெஸ்டர்? இங்க புதுசா வந்த சார், பக் சொன்னா தண்ணி கேன் பக்கத்துல நிக்கச் சொல்றாரு. என்னக்கா செய்ய?"

அவளை உசுப்பிவிடலாமா, கூடாதா என்று கொஞ்சம் தயங்கினேன்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை பேரும்மா?"

"நூறு பேருக்கு மேல இருக்கும்க்கா."

"கேன் பக்கத்துல இடம் பத்துமா?"

அவள் சிரிப்பது கேட்டது.

"பத்தாதுக்கா."