"வச்சுக்க" என்று கொடுத்த பெட்டி

"வச்சுக்க" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளில் கொடைக்கானல் ஏரிப்பக்கம் ஓர் ஓட்டலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். ஓட்டலுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒற்றை அறை வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். ஓட்டல் ரிசப்ஷனில் ஒரு வீடியோ கேம் பெட்டி நின்றது, ஆள் உயரம். காசு போட்டால் திரையில் விண்கலம் சுடும். மலைக்குளிரும் மழையும் அதைக் கொன்றுவிட்டன. விறகுக் கொட்டகையில் தூக்கிப் போட்டார்கள். எலி வயரைக் கடித்தது, அடிப்பலகை ஊறி உப்பியது.

"சும்மாதான கெடக்கு, நான் சரி பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு. நீயே வச்சுக்கப்பா."

கால் தரையில் பாவாமல் அதை வீட்டுக்குத் தள்ளி வந்தேன். பஜாரில் துணிக்கடை பாய் ஒருவர், பெட்டி ஓடினால் கடை முகப்பில் போட இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். சீசனில் டூரிஸ்ட் பிள்ளைகள் மொய்த்துவிடும். அப்புறம் ஓட்டல் சோலிக்குப் பெரிய கும்பிடு!

மனைவி சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வச்சுக்கன்னாரா, எடுத்துக்கன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போடி."

"ஒண்ணு இல்லீங்க. தோட்டத்துல எங்களையும் வச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. வெரசா போயிக் கேட்டுட்டு வாங்க."

கொடுத்தவரிடமே போய், இது கொடுத்ததுதானா என்று மானமுள்ளவன் எவனாவது கேட்பானா?

வீட்டில் ஈரம் ஏறாத இடம் அடுப்போரம் மட்டும்தான். முணுமுணுத்துக்கொண்டே அதைப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்தாள். அங்கே இருந்த விறகு வெளியே போய் நனைந்து புகைந்து, சமைக்கும்போதெல்லாம் அவள் கண் சிவந்தது. உப்பிய பலகையை அறுத்து எறிந்துவிட்டுத் தைலமரப் பலகை அடித்தேன். சர்க்யூட் போர்டில் படர்ந்திருந்த பூஞ்சையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். படம் நிற்காமல் மேலே உருண்டுகொண்டே இருந்தது. மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து பற்றவைத்த பிறகு ஒருவழியாக நின்றது. முதல் ஆட்டம் அவள்தான் ஆடினாள். "செத்தான், செத்தான்!" என்று கத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பெட்டியின் சத்தம் ஓட்டல்வரை போயிருக்கிறது. முதலாளியே வந்து ஓர் ஆட்டம் ஆடினார்.

"பலே! நாளைக்கு ரிசப்ஷனுக்குக் கொண்டாந்துரு. சீசன் வருதுல்ல?"

"நீங்கதான வச்சுக்கன்னு குடுத்தீங்க?"

"ஆமா, ஒங்கிட்ட இருக்கட்டும்னு சொன்னேன். எடுத்துக்கன்னா சொன்னேன்?"

அந்த ஆள் நடிக்கக்கூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலமே ஆள் விட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "விட மாட்டேன். நாலு பேரைக் கூட்டிவந்து நியாயம் கேக்குறேன். இவன் வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று குதித்தேன். மனைவி காலியான அடுப்போரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு நின்றது.

"ஏங்க, இந்த வீட்டக் குடுத்தப்ப அவரு என்னன்னு சொல்லிக் குடுத்தாரு?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் வெள்ளனே போய், ரிசப்ஷனில் அந்தப் பெட்டிக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன்.